நல்ல மடல் ஸ்பேம் பெட்டிக்குப் போகாமல் காப்பது: ஸ்பேம்அசாசின் புள்ளிகளைச் சீரமைக்கும் முழுமையான வழிகாட்டி

ஸ்பேம் மடல் ஒன்று உள்பெட்டிக்குள் நுழைந்துவிட்டால், பெறுபவர் அதை அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். ஆனால் நேர்முகத் தேர்வு அழைப்போ, ஒப்பந்தப்புள்ளிக்கான பதிலோ, மருத்துவப் பரிசோதனை முடிவோ ஸ்பேம் என்று முத்திரை குத்தப்பட்டு ஒதுங்கிவிட்டால், அப்படி ஒன்று வந்ததே பெறுபவருக்குத் தெரியாது. அது போய்ச் சேரவில்லை என்பது அனுப்பியவருக்கும் தெரியாது. ஆகவே மின்னஞ்சல் சர்வரைப் பராமரிப்பவர் தவறான பிடிப்புகளைக் குறைப்பதற்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வேலையை ஸ்பேம்அசாசின் வடிகட்டியில் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. புள்ளிகளை மாற்றுவது அந்த வரிசையில் பிற்பகுதியில்தான் வருகிறது. பெரும்பாலான தவறான பிடிப்புகளுக்குக் காரணம் புள்ளிகளில் இருப்பதில்லை. விதிகளின் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். சர்வரில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

5 என்ற வரம்பு எப்படி வந்தது

ஸ்பேம்அசாசின் 2001-இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள். பின்னர் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டமாயிற்று. வரும் ஒவ்வொரு மடலின் மீதும் அது நூற்றுக்கணக்கான விதிகளை ஓட்டுகிறது. பொருந்தும் விதி ஒவ்வொன்றும் கூட்டல் புள்ளியோ கழித்தல் புள்ளியோ தருகிறது, மொத்தம் 5.0-ஐ எட்டினால் மடல் ஸ்பேம் எனக் கொள்ளப்படுகிறது. விதிகளுடன் வரும் புள்ளிகள் யாரோ ஒருவர் மனக்கணக்கில் இட்டவை அல்ல. நல்லவை, ஸ்பேம் என்று மனிதர்கள் கையால் பிரித்துவைத்த பெருந்தொகையான மடல்களின் மீது விதிகளை ஓட்டி, 5 என்ற வரம்பில் பிழைகள் குறையும்படி எல்லாப் புள்ளிகளையும் ஒருசேரக் கணக்கிட்டுத் தருகிறார்கள். ஒரு விதியின் புள்ளியைத் தனியாக உயர்த்தும்போது அந்த ஒட்டுமொத்தச் சமநிலை குலைகிறது என்பதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும்.

மென்பொருளின் அதிகாரபூர்வ ஆவணமே, 5.0 என்பது சற்றுக் கடுமையான வரம்பு, தனியொருவரின் பயன்பாட்டுக்கு அது பொருந்தும், இணையச் சேவை நிறுவனம் போலப் பலருக்குச் சேவை தருவோர் 8.0 அல்லது 10.0 போன்ற நிதானமான வரம்பை வைப்பது நல்லது என்கிறது. ஆனால் நடைமுறையில் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். ஸ்பேம் கொஞ்சம் கூடுதலாக வந்தவுடன் வரம்பை 4-க்கோ 3.5-க்கோ இறக்கிவிடுகிறார்கள், அதன் பிறகு வரும் புகார்களுக்கு விதிகளைக் குறை சொல்கிறார்கள்.

இன்னொரு அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும். விதி ஒவ்வொன்றுக்கும் நான்கு புள்ளிகள் இருக்கலாம்: பேய்ஸ் கற்றலும் (முன்பு கற்ற மடல்களின் சொற்களைக் கொண்டு ஸ்பேமா எனக் கணிப்பது) இணையச் சோதனைகளும் (கருப்புப் பட்டியல் போன்ற வெளிச் சேவைகளைக் கேட்பது) இல்லாதபோது முதலாவது, இணையச் சோதனைகள் மட்டும் இருக்கும்போது இரண்டாவது, பேய்ஸ் மட்டும் இருக்கும்போது மூன்றாவது, இரண்டும் இருக்கும்போது நான்காவது. புதிய சர்வரில் பேய்ஸ் பகுதி தலா 200 நல்ல மடலும் 200 ஸ்பேமும் கற்கும்வரை வேலை செய்யாது. அந்த எண்ணிக்கையைத் தாண்டிய அன்றே பல விதிகளின் புள்ளிகள் இரண்டாம் வரிசையிலிருந்து நான்காம் வரிசைக்கு மாறிவிடும். நேற்றுவரை நன்றாக வந்துகொண்டிருந்த ஒருவகை மடல் இன்று திடீரெனப் பிடிபடுவதற்கு இது ஒரு காரணமாகலாம்.

எதையும் மாற்றுவதற்கு முன்

ஸ்பேம் என முத்திரை பெற்ற மடலைச் சத்தமில்லாமல் அழிக்கும் ஏற்பாடு ஏதேனும் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். சீரமைப்பு முடியும்வரை முத்திரை மட்டும் இடப்பட்டு, மடல் ஸ்பேம் பெட்டியில் கிடக்கட்டும். அழிக்கப்பட்ட மடலைக் கொண்டு எந்தத் தவறையும் கண்டறிய முடியாது.

அடுத்து, ஸ்பேம் மட்டுமல்லாமல் எல்லா மடல்களின் தலைப்பகுதியிலும் (மடல் வந்த வழியும் சோதனை முடிவும் பதிவாகும் பகுதி) விரிவான அறிக்கை சேரும்படி அமைப்புக் கோப்பான லோக்கல்.சிஎஃப்-இல் ஆட்_ஹெடர் வரியைச் சேர்க்க வேண்டும். ரிப்போர்ட்_சேஃப் என்பதை 0 ஆக்கினால், ஸ்பேம் எனக் கருதப்பட்ட மடல் வேறொரு மடலுக்குள் இணைப்பாகப் பொதியப்படாமல் தன் உருவிலேயே இருக்கும்; ஆராய்வதற்கு அதுவே வசதி. 4.8 புள்ளியில் தப்பித்த நல்ல மடல்களும் அப்போதுதான் கண்ணில் படும். நாளைய தவறான பிடிப்புகள் அவற்றில்தான் காத்திருக்கின்றன.

பிறகு மாதிரிகளைச் சேகரியுங்கள். "எனக்கு வர வேண்டிய மடல் ஸ்பேமில் கிடந்தது" என்று ஒருவர் சொன்னால், அதை உங்களுக்கு ஃபார்வர்டு செய்யச் சொல்லக் கூடாது. அப்படி அனுப்பும்போது மூல மடலின் தலைப்பகுதி போய்விடும். மடலின் மூலத்தை அப்படியே கோப்பாகச் சேமித்து இணைக்கச் சொல்லுங்கள், அல்லது தவறாகப் பிடிபட்டவற்றை இடுவதற்கென ஐமேப் கணக்கில் ஒரு தனிக் கோப்புறை அமைத்துக் கொடுங்கள். கணக்குப் பிரிவு, மனிதவளப் பிரிவு, வாடிக்கையாளர் சேவை என்று வெவ்வேறு இடங்களிலிருந்து மாதிரிகள் வருவது முக்கியம். கணினிப் பிரிவினரின் மடல்களை மட்டும் வைத்துச் சீரமைத்த வடிகட்டி, விலைப்பட்டியல்களும் தள்ளுபடி அறிவிப்புகளும் அன்றாடம் வந்துபோகும் கொள்முதல் பிரிவுக்குப் பொருந்தாது.

ஓர் அறிக்கையை நெருங்கிப் படித்தல்

ஒரு சிறு வணிகர் தன் வீட்டிலிருந்து விலைப்பட்டியல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மடல் சேவை நிறுவனத்தின் சர்வர் அதை முறையாக நம் சர்வரிடம் ஒப்படைக்கிறது. நம் பக்கத்தில் அது ஸ்பேம் ஆகிறது. தலைப்பகுதியில் உள்ள எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ் வரியைப் பார்த்தால் ஏறத்தாழ இப்படி இருக்கும்: அனுப்பிய கணினியின் ஐபி முகவரி, ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பேம்ஹாஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் உள்ளது, 3.3, அந்த முகவரிக்குப் பெயர்ப்பதிவு இல்லை, 0.8, பேய்ஸ்_50 (நல்லதா ஸ்பேமா என்று பேய்ஸால் முடிவுசெய்ய முடியவில்லை), 0.8, உள்ளடக்கம் எச்டிஎம்எல் வடிவில் மட்டும் உள்ளது, 0.7. மொத்தம் 5.6. இந்த எண்கள் விதிப் பதிப்புக்கேற்ப மாறும்.

அவசரப்படுபவர் இதைப் பார்த்தவுடன் பிபிஎல் விதியின் புள்ளியைக் குறைத்துவிடுவார். சற்று நிதானித்துப் பார்த்தால் வேறொரு கேள்வி எழும். பிபிஎல் என்பது வீட்டு இணைய இணைப்புகள் போல, பிற சர்வர்களுக்கு நேரடியாக மடல் அனுப்பக் கூடாத முகவரிகளின் பட்டியல். இந்த மடலை நம்மிடம் ஒப்படைத்தது சேவை நிறுவனத்தின் சர்வர். அதன் முகவரி அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்பில்லை. அப்படியானால் வடிகட்டி எந்த முகவரியைச் சோதித்தது? மடல் கடந்துவந்த ஒவ்வொரு சர்வரும் தலைப்பகுதியில் சேர்க்கும் ரிசீவ்டு வரிகளை மேலிருந்து கீழாகப் படித்தால் விடை கிடைக்கும்: அது வணிகரின் வீட்டு இணைப்பைச் சோதித்திருக்கிறது. தவறு விதியில் இல்லை. எந்தச் சர்வர்வரை நம்முடையது என்பது வடிகட்டிக்குத் தெரியவில்லை.

நம் சர்வர் நாட் அமைப்புக்குப் (உள்முகவரிகளை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் வைப்பது) பின்னால் 192.168 போன்ற உள்முகவரியில் இருக்கும்போது இது நேர்கிறது. ட்ரஸ்டட்_நெட்வொர்க்ஸ், இன்டர்னல்_நெட்வொர்க்ஸ் ஆகிய இரண்டையும் நாம் குறிப்பிடாவிட்டால், ஸ்பேம்அசாசின் தானாக ஊகிக்க முயல்கிறது. மடலைப் பெற்ற கணினியின் முகவரி உள்முகவரியாக இருப்பதைப் பார்த்து, வெளியிலிருந்து ஒப்படைத்த சர்வரையும் நம்முடையது எனக் கொண்டு, அதற்கும் முந்தைய படியைச் சோதனைக்கு எடுத்துக்கொள்கிறது. வீட்டிலிருந்து மடல் எழுதும் எவரும் அப்போது குற்றவாளி ஆகிவிடுகிறார். நம் மடல் சர்வர்களின் உள்முகவரிகளையும் வெளிமுகவரிகளையும் அந்த இரண்டு அமைப்புகளிலும் எழுதிவிட்டால் 3.3 புள்ளியும் 0.8 புள்ளியும் ஒருசேர விலகி, மேற்கண்ட மடல் 1.5-க்கு இறங்கிவிடும். எந்த விதியின் புள்ளியையும் தொடாமலேயே இது நடக்கிறது. தவறான பிடிப்புகளைப் பற்றிய புகார் எங்கிருந்து வந்தாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இரண்டு வரிகளைத்தான்.

டிஎன்எஸ் கருப்புப் பட்டியல்கள்

இணையச் சோதனைகளில் பெரும்பாலானவை டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்கு உரிய முகவரிகளைத் தேடித்தரும் அமைப்பு) வழியாக நடக்கின்றன. சர்வர் 8.8.8.8 போன்ற பொதுத் தீர்விகளை (டிஎன்எஸ் கேள்விகளுக்கு விடை தேடித்தரும் சர்வர்கள்) பயன்படுத்தினால், பட்டியல் நடத்துவோர் பலர் அந்தக் கேள்விகளுக்குப் பதில் தர மறுப்பார்கள். யுஆர்ஐபிஎல்_பிளாக்டு என்ற குறிப்பு அறிக்கையில் தென்பட்டால் அதுதான் நடக்கிறது. ஸ்பேம்ஹாஸ் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத் திருப்பி அனுப்புகிறது. ஸ்பேம்அசாசின் விதிகள் குறிப்பிட்ட குறியீடுகளை மட்டுமே கணக்கில் கொள்கின்றன. ஆனால் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மடல் சர்வர் மென்பொருளில் குறியீட்டைக் குறிப்பிடாமல் கருப்புப் பட்டியல் தடையை எழுதியிருந்தால், எந்தப் பதில் வந்தாலும் அது தடையாகவே கொள்ளப்பட்டு, நல்ல மடல்கள் எல்லாம் வாசலிலேயே திருப்பப்படும். சர்வரிலேயே அன்பவுண்டு போன்ற தீர்வி ஒன்றை நிறுவி, கேள்விகள் வேறெங்கும் கடத்தப்படாமல் நேராகப் போகும்படி வைப்பதே சரியான வழி.

மூடப்பட்ட பட்டியல்கள் இன்னொரு ஆபத்து. ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் சேவையை நிறுத்தியது. பின்னும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த சர்வர்களை விலக்குவதற்காக, 2008 மார்ச்சில் எல்லா முகவரிகளையும் பட்டியலில் உள்ளவை என்று பதிலளிக்கத் தொடங்கியது. கவனிக்காமல் விட்டிருந்தவர்களின் சர்வர்கள் உலகத்தின் எல்லா மடலையும் மறுத்தன. சோர்ப்ஸ் பட்டியலும் 2024 ஜூனில் மூடப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளிலிருந்து எடுத்து ஒட்டிய வரிகள் உங்கள் அமைப்பில் இருந்தால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, உயிரோடு இல்லாதவற்றை நீக்குங்கள்.

பேய்ஸ் கற்றலைச் சரிசெய்தல்

நன்கு பழகிய பேய்ஸ் பகுதி தவறான பிடிப்புக்கு எதிரான சிறந்த காப்பு. நல்ல மடல் என்று உறுதியாகத் தெரிந்தால் பேய்ஸ்_00 விதி 1.9 புள்ளியைக் கழிக்கிறது. ஸ்பேம் என்று உறுதியானால் பேய்ஸ்_99 விதி 3.5 புள்ளி சேர்க்கிறது. மேற்கண்ட வணிகரின் மடலில் பேய்ஸ்_50 என்று வந்ததற்குப் பொருள், அவரைப் போன்றவர்களின் மடல்களை வடிகட்டி கற்கவே இல்லை என்பதுதான்.

வடிகட்டிக்கு மடல்களைக் கற்பிக்கும் எஸ்ஏ-லேர்ன் கட்டளைக்கு டம்ப் மேஜிக் என்ற விருப்பத்தைக் கொடுத்தால், இதுவரை கற்ற ஸ்பேம், நல்ல மடல் எண்ணிக்கைகள் தெரியும். இங்கே பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. ரூட் (சர்வரின் தலைமை நிர்வாகி) பயனராக இருந்து கற்பித்தால் அது ரூட்டின் தரவுத்தளத்தில் சேரும்; மடல்களைச் சோதிக்கும் சேவையோ வேறொரு பயனர் பெயரில் ஓடி, வேறொரு தரவுத்தளத்தைப் படித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு கற்பித்தாலும் பலனில்லை என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். சேவை ஓடும் பயனரின் பெயரிலேயே கற்பியுங்கள்.

கற்பிப்பதற்கான மடல்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. தாங்களே பதிவு செய்து பெறும் செய்திமடல்கள் அலுத்துப்போனால், பயனர்கள் அவற்றை ஸ்பேம் கோப்புறையில் போட்டுவிடுகிறார்கள். அவற்றைச் சரிபார்க்காமல் கற்பித்தால், வங்கி அறிவிப்பு, பயணச்சீட்டு உறுதி, பள்ளிக் கட்டண நினைவூட்டல் என்று அதே நடையில் வரும் தேவையான மடல்களையும் வடிகட்டி சந்தேகிக்கத் தொடங்கும். கோப்புறையில் இருப்பதை ஒருவர் கண்ணால் பார்த்த பிறகே கற்பிப்பது நல்லது.

தானியங்கிக் கற்றல் முன்னிருப்பாக இயங்குகிறது: 0.1-க்குக் கீழே வரும் மடலை நல்லதாகவும், 12.0-ஐ எட்டும் மடலைத் தலைப்பகுதியிலிருந்து 3, உள்ளடக்கத்திலிருந்து 3 என்று குறைந்த அளவு புள்ளிகளும் இருந்தால் ஸ்பேமாகவும் அது தானே கற்கும். பேய்ஸ் தரும் புள்ளிகள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஆனால் நீங்கள் உயர்த்திய உள்ளூர் விதிகள் சேரும். ஆகவே 8, 10 என்று பெரிய புள்ளியிட்டு எழுதிய சொந்த விதி நல்ல மடலைப் பிடித்தால் கேடு அந்த ஒரு மடலோடு நிற்காது. அந்த மடலின் சொற்கள் எல்லாம் ஸ்பேமின் அடையாளங்களாகப் பதிவாகலாம். தவறாகக் கற்றதைத் திருத்த அதே மடலை நல்ல மடல் என்று மீண்டும் கற்பித்தால் போதும். பழைய பதிவை மென்பொருளே நீக்கிக்கொள்ளும்.

அனுப்புநரின் கடந்தகாலச் சராசரியைக் கொண்டு புள்ளியைத் திருத்தும் ஏடபிள்யூஎல் அல்லது டிஎக்ஸ்ரெப் இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். ஒருவரின் முந்தைய மடல்கள் தவறாக 9, 10 புள்ளி பெற்றிருந்தால், காரணத்தை நீக்கிய பின்னும் அந்த நினைவு அவருடைய புதிய மடல்களை மேலே இழுக்கும். அவருடைய முகவரியை அந்தப் பதிவிலிருந்து நீக்குவதுதான் தீர்வு.

இப்போது புள்ளிகள்

மேற்சொன்னவை எல்லாம் சரியான பின்னும் தவறான பிடிப்புகள் எஞ்சும். அவற்றின் அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்து, எந்தெந்த விதிகள் கூட்டாக வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே குறையைப் பல விதிகள் வெவ்வேறு பெயரில் தண்டிப்பதே இங்கே வழக்கமான காரணம். பழைய கணக்கியல் மென்பொருள் ஒன்று மடலுக்கு அடையாள எண் இடாமல், எச்டிஎம்எல் வடிவில் மட்டும், படத்தை முதன்மையாகக் கொண்டு அனுப்பினால், ஒரு மென்பொருளின் ஒரே குறைபாட்டுக்கு மூன்று நான்கு விதிகள் புள்ளி சேர்க்கும். வெளியிலிருந்து சேர்த்த விதித் தொகுப்புகளும் இருந்தால் இந்த இரட்டைத் தண்டனை இன்னும் கூடும்.

மாற்றங்களை லோக்கல்.சிஎஃப் கோப்பில் மட்டுமே எழுத வேண்டும். மென்பொருளுடன் வரும் விதிக் கோப்புகளைத் திருத்தினால் அடுத்த எஸ்ஏ-அப்டேட் (விதிகளைப் புதுப்பிக்கும் கட்டளை) அவற்றை அழித்துவிடும். ஸ்கோர் வரியில் ஒரே எண்ணைத் தந்தால் நான்கு வரிசைகளுக்கும் அதுவே பொருந்தும். எண்ணை அடைப்புக்குறிக்குள் தந்தால், ஏற்கெனவே உள்ள புள்ளியோடு அது கூட்டவோ கழிக்கவோ படும்; விதிகள் புதுப்பிக்கப்படும்போது அடிப்படைப் புள்ளி மாறினாலும் உங்கள் திருத்தம் அதற்கேற்ப நகரும் என்பதால், சிறு திருத்தங்களுக்கு இந்த முறையையே பரிந்துரைக்கிறேன். ஒருமுறைக்கு 0.5 அல்லது 1 புள்ளிக்கு மேல் நகர்த்த வேண்டாம்.

ஒரு விதி பயனற்றது என்று தெரிந்தாலும் அதற்கு 0 இடுவதற்கு முன் யோசியுங்கள். 0 இட்டால் அந்த விதி ஓடவே ஓடாது; அதைச் சார்ந்து எழுதப்பட்ட மெட்டா விதிகளும் (பிற விதிகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் விதிகள்) பாதிக்கப்படும். 0.001 என்று இட்டால், மொத்தத்தில் வேறுபாடு இல்லாமல், அறிக்கையில் பெயர் மட்டும் தொடர்ந்து தென்படும். ஒரு விதி அடியோடு கெட்டுப்போனால் மட்டும் 0 பொருந்தும். 2010 ஜனவரி 1 அன்று அப்படித்தான் ஆயிற்று: தேதி வெகுதொலைவு எதிர்காலத்தில் இருப்பதைக் கண்டுபிடிக்க எழுதிய விதி, 2010 முதல் வரும் ஆண்டுகளை எல்லாம் எதிர்காலம் என்றே கொண்டிருந்ததால், புத்தாண்டு பிறந்ததும் வந்த எல்லா மடலுக்கும் 3 புள்ளிக்கு மேல் சேர்த்தது. புதுப்பிப்பை உடனே இறக்கியவர்களும், அந்த விதிக்கு 0 இட்டவர்களும் தப்பினார்கள்.

குறிப்பிட்ட வகை மடலுக்கு மட்டும் சலுகை தர வேண்டுமானால், பொது விதியைத் தளர்த்துவதைவிட மெட்டா விதி எழுதுவது மேல். அனுப்புநரின் டொமைன் இன்னது என்று ஒரு துணைவிதி, அதே டொமைனின் டிகேஐஎம் கையொப்பம் (மடல் அந்த டொமைனிலிருந்தே வந்தது என்பதற்கான மின்னணுச் சான்று) செல்லும் என்று மற்றொன்று, இரண்டும் சேர்ந்தால் 2 புள்ளி கழிக்கலாம். துணைவிதியின் பெயரை இரண்டு அடிக்கோடுகளுடன் தொடங்கினால் அதற்குத் தனிப் புள்ளி சேராது. அனுப்புநர் பெயரை மட்டும் பார்த்துப் புள்ளி கழிக்கும் விதியை எழுதவே கூடாது. அந்தப் பெயரைப் போலியாக இடுவது எவருக்கும் எளிது.

வரவேற்புப் பட்டியலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2022 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பு முதல் வெல்கம்லிஸ்ட் என்று அழைக்கப்படும் இதில் சேர்ந்தவருக்கு 100 புள்ளி கழிகிறது. வழக்கமான எந்த விதியாலும் அதை ஈடுகட்ட முடியாது. எனவே வெல்கம்லிஸ்ட்_ஆத் வகையையே பயன்படுத்துங்கள். எஸ்பிஎஃப் (டொமைன் அனுமதித்த சர்வரிலிருந்து மடல் வந்ததா என்று பார்ப்பது) அல்லது டிகேஐஎம் சோதனையில் தேறினால்தான் அது பொருந்தும். உங்கள் சொந்த டொமைனை எந்தச் சோதனையும் இல்லாமல் அந்தப் பட்டியலில் சேர்ப்பது, உங்கள் பெயரிலேயே வரும் மோசடி மடலுக்கு வாசலைத் திறந்துவிடும்.

தமிழ் மடல்கள்

தமிழில் மடல் எழுதுவோர் உள்ள சர்வரில் இதைத் தனியே கவனிக்க வேண்டும். டெக்ஸ்ட்கேட் என்ற மொழியறியும் செருகியை இயக்கி, ஓகே_லாங்குவேஜஸ் அமைப்பில் ஆங்கிலத்தை மட்டும் குறிப்பிட்டிருந்தால், தமிழ் மடல் விரும்பாத மொழியில் உள்ளது என்று கூடுதல் புள்ளி பெறும். அங்கே தமிழுக்கான டிஏ என்ற குறியீட்டைச் சேர்க்க வேண்டும். 4.0-க்கு முந்தைய பதிப்புகள் யுனிகோடு உரையைக் கையாள்வதில் பின்தங்கியவை என்பதால், மேம்படுத்துவது தமிழ் பயனர்களுக்கு நேரடியாகவே பயன் தரும். கற்பிக்கும் நல்ல மடல்களில் தமிழ் மடல்களும், ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் மடல்களும் இருக்கட்டும்.

வரம்பும் நடவடிக்கையும்

எல்லாவற்றுக்கும் பிறகே வரம்பைத் தொடுங்கள். ஒரே வரம்பைவிட இரண்டு நிலைகள் நல்லது: 5 அல்லது 6 புள்ளியில் மடல் ஸ்பேம் பெட்டிக்குப் போகட்டும், 12, 15 போன்ற உயர்ந்த நிலையில் மட்டும் சர்வர் அதை ஏற்க மறுக்கட்டும். மறுப்பு எஸ்எம்டிபி உரையாடல் (அனுப்பும் சர்வர் நம் சர்வரிடம் மடலை ஒப்படைக்கும் நடைமுறை) நடக்கும்போதே, 5-இல் தொடங்கும் பிழைக் குறியீட்டுடன் நிகழ வேண்டும். நல்ல மடல் அப்படி மறுக்கப்பட்டாலும் அனுப்பியவருக்கு அறிவிப்பு போய்ச் சேரும்; அவர் தொலைபேசியிலாவது தொடர்புகொள்வார். ஆர்ஸ்பேம்டி வடிகட்டியின் முன்னிருப்பு அமைப்பும் இதே போக்கில்தான் உள்ளது: 4-இல் தாமதப்படுத்தல், 6-இல் முத்திரை, 15-இல் மறுப்பு.

மாற்றத்தைச் சோதித்தல்

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின் ஸ்பேம்அசாசின் கட்டளையை லின்ட் விருப்பத்துடன் ஓட்டி, எழுத்துப் பிழை இல்லை என்று உறுதி செய்து, பிறகு சேவையை மீண்டும் தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் பழைய புள்ளிகளே நீடிக்கும். சேகரித்த மாதிரிகளை மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஓட்டி, நல்ல மடல்களில் எத்தனை வரம்பைத் தாண்டுகின்றன, ஸ்பேமில் எத்தனை தப்புகின்றன என்று இரண்டையும் எண்ணுங்கள்.

இந்தச் சோதனையில் இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்புண்டு. கருப்புப் பட்டியல்கள் நாளுக்கு நாள் மாறுவதால், சென்ற மாதத்து மடலை இன்று ஓட்டினால் அன்று கிடைத்த இணையச் சோதனை முடிவுகள் இன்று கிடைக்காது. அதற்கு மடலின் தலைப்பகுதியில் பதிவான பழைய அறிக்கையையே நம்ப வேண்டும். அடுத்து, பேய்ஸுக்குக் கற்பித்த மடல்களைக் கொண்டே சோதித்தால் முடிவு இயல்பைவிட நன்றாகத் தோன்றும். மாதிரிகளில் ஒரு பகுதியைக் கற்பிக்காமல் சோதனைக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

லோக்கல்.சிஎஃப்-இல் நீங்கள் எழுதும் ஸ்கோர் வரி ஒவ்வொன்றின் மேலும், தேதியையும் எந்த மடலுக்காக மாற்றினீர்கள் என்பதையும் ஒரு குறிப்பாக எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவற்றை ஒவ்வொன்றாக நீக்கி மாதிரிகளை ஓட்டிப் பாருங்கள். எஸ்ஏ-அப்டேட் இதற்குள் சரிசெய்துவிட்ட விதிகளுக்கு உங்கள் திருத்தம் இனித் தேவைப்படாது, அந்த வரிகளை எடுத்துவிடலாம்.